யப்பானிலே பிறத்தியார்

யப்பானுக்குப் போய்வந்தவர்கள் அந்நாட்டுப் புகையிரதங்களின் வேகத்தையும், வீதிகளின் துப்புரவையும், பியூஜி மலையின் அழகையும் வேண்டியமட்டும் எழுதிவிட்டனர். அவற்றைத் திரும்பவும் எழுதி வாசகர்களின் பொறுமையைச் சோதிப்பது நம் நோக்கமன்று. நாம் எழுதப் புகுந்தது ஒரு வெற்று இருக்கையைப் பற்றி.

2024 ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில் மூன்று கிழமைகள் தோக்கியோ நகரில் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. நம் கல்லூரியிற் படித்து, இப்பொழுது அங்கே கணினிப் பொறியியலாளராக இருக்கும் பழைய மாணவர் ஒருவர், பயணச்சீட்டையும் அனுப்பி, வந்தேயாக வேண்டும் என்று எழுதியிருந்தார். (ஆசிரியச் சம்பளத்திலே யப்பான் போகலாம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம்.) நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊரைவிட்டுப் போவதா என்று இல்லாள் முகஞ் சுளித்தாள். ஆயினும் போனோம்.

மாணவர் குடியிருப்பது நகரின் கிழக்கே, எதொகாவா என்னும் பிரிவிலுள்ள நிஷி-கசாய். 2000 ஆம் ஆண்டு பிறக்கும்போது உலகத்துக் கணினிகள் எல்லாம் திகதி குழம்பி நின்றுவிடும் என்றோர் அச்சம் எழுந்ததல்லவா? அதனைச் சீர்செய்ய வந்த இந்தியப் பொறியியலாளர் பலர் அவ்விடத்திற் குடியேறினர். இன்று அங்கே உளுந்தும் கறிவேப்பிலையும் கடையில் வாங்கலாம். தமிழ்ப் பேச்சும் இடையிடையே காதில் விழும். ஆகவே, முற்றிலும் புதிய இடத்துக்கு வந்தோம் என்ற எண்ணம் முதலிரு நாளும் நமக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் நண்பகலில் நகர நடுப்பகுதிக்குத் தனியே புறப்பட்டோம். அந்நாட்டு நகரப் புகையிரதங்களில் இருக்கைகள் சுவரோரமாக நீண்ட வாங்குகள்போல அமைந்திருக்கும்; ஒருவரோடொருவர் தோள்முட்ட ஏழு பேர் இருக்கலாம். நாம் ஓர் ஓரமாக அமர்ந்தோம். அடுத்த நிலையத்திற் பலர் ஏறினர். எதிர்வாங்கு நிரம்பியது. நம் வாங்கும் நிரம்பியது, நமக்கு அடுத்த ஓர் இடத்தைத் தவிர. அதற்கடுத்த நிலையத்திலும் ஆட்கள் ஏறினர். பொதி சுமந்த ஓர் அம்மையார் அவ்விடத்தைப் பார்த்தார், பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாம் கையாற் சைகை செய்து இருக்கும்படி கேட்டோம். அவர் மும்முறை தலைவணங்கி, நன்றி கூறி, நின்றபடியே வந்தார்.

வியர்வை நாற்றமோ என்று நம் சட்டையை இரகசியமாக மோந்து பார்த்தோம். ஆவணி மாதத்துத் தோக்கியோ கொழும்பைவிடப் புழுக்கமானது, ஐயத்துக்கு இடமுண்டு. பிறகு நெற்றித் திருநீறு நினைவுக்கு வந்தது. மறைப்பானேன்? இரண்டு நாள் கழித்து, நினைவு தெரிந்த காலத்திலிருந்து ஒருநாளும் செய்யாத காரியமொன்றைச் செய்தோம்: வெறும் நெற்றியோடு வெளியிற் சென்றோம். அன்றும் அந்த இருக்கை வெறுமையாகவே இருந்தது. மறுநாள் காலை வழக்கத்திலும் தடிப்பாகவே நீறு பூசிக்கொண்டு புறப்பட்டோம்.

மாணவரிடம் இதனைச் சொன்னபோது அவர் சிரித்தார். “சேர், அது உங்களைப் பார்த்தெண்டில்லை. இஞ்சை எங்கள் எல்லாருக்கும் உள்ளதுதான். காலமை எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கோ, மூச்சுவிட இடமிராது, அப்ப ஒருத்தரும் எங்களைக் கவனிக்க மாட்டினம்” என்றார். அயல்நாட்டார் தங்களுக்குள் அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கின்றனராம்: ‘கைஜின் இருக்கை’. பகைமை அதற்குக் காரணமன்று என்பது அவர் கருத்து. பக்கத்தில் இருந்தால் ஆங்கிலத்தில் ஏதேனும் கேட்டுவிடுவானோ, மறுமொழி சொல்லத் தெரியாமல் நாணப்பட நேருமோ என்ற கூச்சம் சிலர்க்கு. எப்படி நடந்துகொள்வது மரியாதை என்று தெரியாத தயக்கம் சிலர்க்கு. இருக்கலாம். ஆயினும் இருக்கை வெறுமையாயிருக்கும்போது அதில் அமராதவரின் மனத்தை ஆராய்ந்துகொண்டா இருப்போம்?

‘கைஜின்’ என்ற சொல் இரண்டு எழுத்துக்களால் ஆனது. முதல் எழுத்துக்கு ‘வெளி’ என்று பொருள்; இரண்டாவதற்கு ‘ஆள்’. வெளியாள். நடுவிலே ‘நாடு’ என்ற எழுத்தையும் சேர்த்து ‘கைகொகுஜின்’ என்றால் ‘வெளிநாட்டார்’ என்றாகும். அதுவே மரியாதையான வழக்கு. நம் ஊரில் ‘பிறத்தியார்’ என்கிறோமே, அந்தச் சொல்லின் வாடை முதற் சொல்லில் வீசுகிறது.

வெளியாரை இப்படிக் கூர்ந்து நோக்கும் வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் யப்பானிய ஆட்சியாளர் போர்த்துக்கேயரை விரட்டி, நாட்டின் கதவுகளைப் பெரும்பாலும் அடைத்தனர். ஐரோப்பியருள் ஒல்லாந்தக் கம்பனியாருக்கு மட்டும் வணிகஞ் செய்ய அனுமதி தந்து, 1641 இல் அவர்களை நாகசாக்கித் துறைமுகத்தில் விசிறி வடிவமான தெசிமா என்னும் சிறு செயற்கைத் தீவில் இருத்தினர். பாலத்தைக் கடந்து ஊருக்குள் வர அவர்களுக்கு எளிதில் அனுமதி கிடையாது. 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றி நம் முன்னோரை ஆண்ட அதே கம்பனிதான் அது! இங்கே அதிகாரஞ் செய்தவர்கள் அங்கே கூண்டுக் கிளியாக இருந்தனர். அக்கம்பனியின் வைத்தியராகத் தெசிமாவில் இருந்த ஜேர்மானியரான கெம்பர் என்பவர் 1691 இல் தலைநகருக்குச் சென்றபோது, ஆட்சித் தலைவராகிய சுனயோஷி திரைக்குப் பின்னிருந்து பார்க்க, ஆடவும் பாடவும் குடிகாரனைப்போல் நடித்துக்காட்டவும் பணிக்கப்பட்டாராம். வெளியாள் எப்படி நடக்கிறான், எப்படிச் சிரிக்கிறான் என்று பார்க்கும் ஆசை!

கதவுகள் திறந்தபின்னும் அந்த ஆசை தணியவில்லை. 1878 இல் வட யப்பானிற் பயணஞ் செய்த இசபெல்லா பேட் என்ற ஆங்கிலப் பெண்மணி, விடுதி அறையின் கடதாசிக் கதவுத் துளைகளிலெல்லாம் மனிதக் கண்களைக் கண்டதாக எழுதியுள்ளார். ஓரூரில் அவரைப் பார்ப்பதற்கென்று ஆட்கள் ஏறிய கூரையொன்று பாரந் தாங்காது கீழே விழுந்தும் விட்டது.

இன்று கூரையில் ஏறுவார் எவருமில்லை. 2024 இல் மட்டும் 3 கோடியே 68 இலட்சம் உல்லாசப் பயணிகள் அந்நாட்டுக்கு வந்தனர். குடியிருக்கும் அயல்நாட்டார் தொகை அவ்வாண்டு இறுதியில் 37 இலட்சத்தைக் கடந்தது. அவருள் நம் நாட்டவர் 60,000 பேருக்கு மேல். எனினும், 12 கோடிக்கு மேற்பட்ட மக்களிடையே அது நூற்றுக்கு மூன்றுதான். பெருநகரை விட்டுச் சற்று வெளியே போனால் அந்த மூன்றும் கண்ணில் தென்படா. இன்றைய யப்பானியர் எவரையும் உற்றுப் பார்ப்பதில்லை, பாராததுபோலப் பார்ப்பர். நாம் திரும்பினால் அவர்கள் கண்கள் கைத்தொலைபேசிக்குப் போய்விடும். சிறு பிள்ளைகள் மட்டும் வாய்விட்டு, “கைஜின்!” என்பர், தாய்மார் நாணி அவர்கள் வாயைப் பொத்துவர்.

அன்புக்கும் குறைவில்லை. வழி கேட்டால் தம் அலுவலை விட்டு நம்மோடு நடந்துவந்து இடத்தைக் காட்டிவிட்டுப் போகின்றனர். ‘வணக்கம்’ என்ற பொருளில் ஒரு சொல்லைச் சொன்னாற் போதும், “எவ்வளவு நன்றாக யப்பானிய மொழி பேசுகிறீர்கள்!” என்று வியக்கின்றனர். உண்குச்சியாற் சோற்றை எடுத்து வாயில் வைத்தால் அதற்கும் பாராட்டு. (நாம் மரக்கறி உண்பவர். அந்நாட்டில் வெறும் கீரைக்குழம்பிலும் மீன்சாறு கலந்திருக்கும் என்பது பிந்தித்தான் தெரிந்தது. அந்தப் பாவம் நல்லூரானுக்கு விளங்கும்.) முதற் கிழமையில் இப்பாராட்டுக்கள் நமக்கு இனித்தன. கல்லூரியில் எந்த அதிபரும் நம்மை இத்தனை முறை மெச்சியதில்லை.

மாணவருக்கு அவை இனிக்கவில்லை. ஒருநாள் இரவு உணவுக்கடையொன்றில் அவரே யப்பானிய மொழியிற் சரளமாகப் பேசி உணவுக்குச் சொன்னார். பணிப்பெண் இன்முகத்துடன் கேட்டுக்கொண்டு போய், ஆங்கில உணவுப்பட்டியலையும் இரண்டு முட்கரண்டிகளையும் கொண்டுவந்து வைத்தாள். மாணவர் அவற்றை ஒருபுறமாக ஒதுக்கினார்.

“இஞ்சை எனக்குப் பதினொரு வருசம், சேர். இண்டைக்கும் கரண்டி வேணுமோ எண்டுதான் கேக்கினம். அவையிலை பிழையில்லை. அவள் பிள்ளை என்னை இண்டைக்குத்தானே கண்டவள்? ஆனா எனக்கு இது ஆயிரமாவது கரண்டி. விருந்தாளியை மூண்டு நாள் உபசரிக்கலாம். பதினொரு வருசம் உபசரிச்சா அதுக்கு என்ன பேர்?”

நாம் மறுமொழி சொல்லவில்லை.

மற்றொரு நாள் பொதுக் குளிப்பகமொன்றுக்கு அழைத்துச் சென்றார். ஆடவர்க்கு ஒருபுறம், பெண்டிர்க்கு மறுபுறம். ஆடையெல்லாம் களைந்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கோவணம் கட்டிக் கேணியிற் குளித்த பழக்கம் உடையோமாயினும், நம் கருத்த மேனி அத்தனை பேரிடையே தனித்துத் தெரிவதை அன்று உணர்ந்ததுபோல ஒருநாளும் உணர்ந்ததில்லை. ஆனால் அங்குதான் நம்மோடு முதன்முதலாகப் பக்கத்தில் இருந்து ஒருவர் பேசினார். எண்பது வயதிருக்கும். முதலிற் சிறு முக்காலியிற் குந்தி உடம்பைத் தேய்த்துக் கழுவிய பின்பே வெந்நீர்த் தொட்டியில் இறங்கவேண்டும் என்று செய்துகாட்டினார். எந்த நாடு, என்ன மொழி என்று கேட்டார். “தமிழ்” என்றதும், “ஓனோ சென்செய்!” என்றார். யப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவுண்டென்று பல நூல்கள் எழுதிய பேராசிரியர் சுசுமு ஓனோவைத்தான் அவர் குறித்தார். நம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் தம்பதியர் அவ்வாய்விலே துணைநின்றவர்கள். மொழியியலாளர் பெரும்பாலோர் அக்கொள்கையை ஏற்கவில்லை என்பது வேறு விடயம். வெந்நீரிற் கழுத்தளவு நின்றுகொண்டு அதைப்பற்றி வாதிட நமக்கும் மனம் வரவில்லை.

இந்தக் குளிப்பகங்களே ஒரு பெரிய வழக்குக்கும் காரணமாயின. வடக்கே ஹொக்கைதோத் தீவில், ஒத்தாரு நகரத்துக் குளிப்பகமொன்று ‘யப்பானியர் மட்டும்’ என்று அறிவிப்பு வைத்திருந்தது. இரசிய மாலுமிகளாற் பட்ட தொல்லை காரணம் என்றனர். 1999 இல் அங்கு சென்ற அயல்நாட்டார் சிலர் தடுக்கப்பட்டனர். அவருள் அமெரிக்காவிற் பிறந்த ஒருவர் 2000 இல் யப்பானியக் குடியுரிமை பெற்று மீண்டும் போனார். சட்டப்படி அவர் யப்பானியர், முகம் மாறவில்லை. உள்ளே விடவில்லை. 2002 இல் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் அது இனப்பாகுபாடே என்று தீர்ப்பளித்து, வழக்காடிய மூவர்க்கும் தலைக்கு 10 இலட்சம் யென் இழப்பீடு வழங்குமாறு குளிப்பகத்தாருக்குக் கட்டளையிட்டது.

வீடு தேடுவோர் படும்பாடு இதனினும் பெரிது. நம் மாணவர் திருமணமான புதிதில் இருபதுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு விண்ணப்பித்தாராம். தரகர் தொலைபேசியில் வீட்டுக்காரரோடு பேசும்போது, “மொழி தெரியும், நல்ல உத்தியோகம், ஆனால்…” என்று இழுப்பதைக் கேட்டவுடனேயே முடிவு விளங்கிவிடும் என்றார். இது அவர் ஒருவர் குறையன்று. நீதி அமைச்சின் சார்பில் நடத்தி 2017 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், முந்திய ஐந்தாண்டுகளில் வீடு தேடிய அயல்நாட்டாருள் நூற்றுக்கு 39 பேர், தாம் அயல்நாட்டார் என்பதாலேயே மறுக்கப்பட்டதாகக் கூறியுள்ளனர்.

குடியிருக்கும் அயல்நாட்டார் பதினாறு வயதுக்கு மேற்பட்டால், வதிவிட அட்டையை எப்போதும் உடன்வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். மாணவரின் துணைவியார் குப்பை போடக் கீழே இறங்கும்போதும் அதனை எடுத்துச் செல்வார். குப்பையைப் பற்றியும் ஒரு சொல். எரிவது எந்த நாள், எரியாதது எந்த நாள், போத்தல் எந்த நாள் என்று அங்கே ஒழுங்குண்டு. அயலில் எவராவது நாள் மாறி வைத்தால் முதற் சந்தேகம் அயல்நாட்டார் வீட்டின்மேலேதான் என்று அஞ்சி, இவ்வம்மையார் அந்தத் தொடரிலேயே எவரினும் ஒழுங்காகப் பிரித்து வைக்கிறார். நாம் வாழைப்பழத் தோலைத் தவறான பையிற் போட்டதற்காக ஒருமுறை மென்மையாகக் கண்டிக்கவும் பட்டோம். “சேர், எங்கட வீட்டுப் பை எண்டு எல்லாருக்கும் தெரியும்” என்றார். 2021 பங்குனியில் நாகோயாக் குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் நோயுற்று, தக்க சிகிச்சை கிடையாமல் இறந்த நம் நாட்டுப் பெண் விஷ்மா சந்தமாலியின் படத்தை அவர் கைத்தொலைபேசியில் இன்னமும் வைத்திருக்கிறார். வீசா முடிந்து தங்கியவர் அப்பெண். இவர்களுக்கு அத்தகைய குறை எதுவுமில்லை. இருந்தும் வைத்திருக்கிறார்.

கமகூராவில் உள்ள பெரும் புத்தர் சிலையைப் பார்க்கப் போனபோது நடந்தது வேறுவகை. ‘சுரிரங்கா’ என்று நாம் நாட்டைச் சொன்னதும், அங்கு நின்ற முதியவர் ஒருவர் முகம் மலர்ந்து, கையைப் பிடித்து ஒரு கல்லின் முன்னே கொண்டுபோய் நிறுத்தினார். ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் நினைவுக்கல் அது. 1951 இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், போரில் தோற்ற யப்பானிடம் இலங்கை நட்டஈடு கேட்காது என்று புத்தர் வாக்கை எடுத்துக்காட்டிப் பேசியவர் அவர். அந்த நன்றியை யப்பானிய முதியோர் மறக்கவில்லை. பெரியவர் நம் முன்னால் இடை வளைய வணங்கினார். 1983 இல் நாம் கைக்குழந்தை. கொழும்பில் எரிந்த வீட்டை விட்டு, அகதிகள் கப்பலிற் காங்கேசந்துறை வந்திறங்கிய குடும்பம் நம்முடையது. அப்போது சனாதிபதி யார் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல நம்மிடம் மொழியில்லை; மொழியிருந்தாலும் சொல்லியிருப்போமா என்பது ஐயமே. அவர் நம் முகத்தில் ஒரு நாட்டைக் கண்டார். அந்த நாட்டில் நாம் எந்த மூலையில் நிற்கிறோம் என்பது முகத்தில் எழுதியிருக்காதே. நாமும் வணங்கினோம்.

உவெனோப் பூங்காவிலுள்ள சினோபாசுக் குளத்தில் ஆவணியில் தாமரை நீர் தெரியாமல் நிறைந்திருக்கும். குளத்தின் நடுவே பென்சைதென் என்னும் தெய்வத்தின் கோயில். கையிலே வீணை போன்ற ஒரு வாத்தியம். கல்விக்கும் கலைக்கும் தலைவி. வாசகர்கள் இந்நேரம் ஊகித்திருப்பர்: நம் சரசுவதியேதான். பௌத்த நூல்களோடு சீனம் வழியாக ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே போய்ச் சேர்ந்தவள். அசாகுசாவுக்கு அருகே ஒரு குன்றிற் பிள்ளையாரும் இருக்கிறார். திருவுருவத்தை எவர்க்கும் காட்டுவதில்லை, முள்ளங்கி படைக்கின்றனர். கல்லூரியில் நவராத்திரிக்கு மாணவரை வரிசையில் நிறுத்தும் பழக்கத்தால், சரசுவதியின் முன் நம் கைகள் தாமே குவிந்தன. அருகில் நின்ற பெண்ணொருத்தி, நாம் கைகூப்பும் முறையைப் பார்த்து, “நன்றாக வணங்குகிறீர்களே!” என்று மெச்சினாள். அம்பாளிடம் எவரும் எந்த நாடு என்றும், எப்போது திரும்பிப் போவாய் என்றும் கேட்பதில்லை!

இத்தனையும் முகம் வேறுபட்டோர் கதை. முகம் வேறுபடாத அயல்நாட்டாரும் அங்குண்டு. 1910 முதல் 1945 வரை கொரியா யப்பானின் ஆட்சியில் இருந்த காலத்தில் வந்தோரின் பேரப்பிள்ளைகள் அங்கேயே பிறந்து, அம்மொழியே பேசி, பலர் யப்பானியப் பெயரும் வைத்துக்கொண்டு வாழ்கின்றனர். கூட்டத்தில் அவர்களைக் கண்டறிய இயலாது. தாங்களே சொன்னாலன்றித் தெரியாது. அவர்கள் பக்கத்து இருக்கை ஒருநாளும் வெறுமையாக இருப்பதில்லை. சொல்வதா விடுவதா என்பது அவர்கள் நாள்தோறும் சுமக்கும் சுமை.

மாணவரின் மகளுக்கு ஒன்பது வயது. அங்கேயே பிறந்தவள். பெற்றோரின் குடியுரிமையையே பிள்ளைக்கு உரியதாகக் கொள்வது அந்நாட்டுச் சட்டமாதலின், அவள் இலங்கைப் பிரசை. இலங்கையை இருமுறைதான் பார்த்திருக்கிறாள். நம்மை ‘சேர் மாமா’ என்று அழைத்தாள். வீட்டில் தமிழ் பேசுவாள். புகையிரதத்தில் ஏறியதும் தந்தையின் சட்டையை இழுத்து, “அப்பா, மெல்லமாக் கதையுங்கோ” என்பாள். அங்கே எல்லாரும் மெல்லத்தான் பேசுவர் என்று மாணவர் நமக்கு விளக்கினார். பிறகு, “தமிழிலை எண்டா இன்னும் மெல்லமா” என்று தாமே சேர்த்துக்கொண்டார்.

கோடை விடுமுறையில் பிள்ளைகள் காலை ஆறரை மணிக்கு அயற்பூங்காவிற் கூடி, வானொலி இசைக்கேற்ப உடற்பயிற்சி செய்வர். 1928 இல் தொடங்கிய வழக்கம்; முதியோரும் வருவர். நாள்தோறும் வந்ததற்கு அடையாளமாகக் கழுத்தில் தொங்கும் அட்டையில் முத்திரை குத்துவர். நாமும் அவளோடு சில நாட் சென்று, பிள்ளைகளோடு பிள்ளையாகக் கையை வீசிக் காலை மடக்கினோம். ஒருநாள் புதிதாக வந்த மூதாட்டி ஒருவர் அவளைப் பார்த்து அன்பாக ஏதோ கேட்டார். அவள் ஒரு சொல்லில் மறுமொழி சொன்னாள். மூதாட்டி சிரித்துக்கொண்டு திரும்பவும் கேட்டார். அவள் அதே சொல்லைச் சொன்னாள். வீடு திரும்பும் வழியில் என்னவென்று விசாரித்தோம்.

“எங்கையிருந்து வந்தனி எண்டு கேட்டவ. எதொகாவா எண்டு சொன்னனான். இல்லை, உண்மையா எங்கையிருந்து எண்டு கேட்டவ.”

“அதுக்கு?”

“எதொகாவா எண்டு சொன்னனான்.”

சிறிது தூரம் அவள் பேசாமல் நடந்தாள். பின்னர் அட்டையிலுள்ள முத்திரைகளை எண்ணத் தொடங்கினாள்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் இருந்த ஒரு மாணவனின் முகம் வந்து நின்றது. பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து உறவினர் வீட்டிற் தங்கிப் படிக்க வந்தவன். நம்மைச் ‘சார்’ என்பான், வகுப்பு சிரிக்கும். அவனுடைய முதற் கட்டுரையை நாம் வகுப்பில் உயர்த்திப் பிடித்து, “பாருங்கோ, தோட்டத்துப் பிள்ளை எவ்வளவு நல்ல தமிழ் எழுதியிருக்கிறான்!” என்று மெச்சினோம். மனமார மெச்சினோம். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நாணம் என்று எண்ணினோம். தமிழ் அவனுக்கும் தாய்மொழி என்பது நமக்குத் தெரியாததா? ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும், “எப்ப ஊருக்குப் போறாய்?” என்று அவனை அன்போடு விசாரிப்போம். ஊரார் சிலர் அவனை ‘வந்தான் வரத்தான்’ என்றபோது கண்டித்தவர்களும் நாமே. அவன் இப்பொழுது எங்கே இருக்கிறான் என்று விசாரிக்க வேண்டுமென அன்றிரவு எண்ணிக்கொண்டோம். ஊருக்கு வந்து விசாரித்தோம். இன்னும் விவரம் கிடைக்கவில்லை.

புறப்படுவதற்கு முதல்நாள் மாணவர் ஒரு கடதாசியை நம் முன் விரித்தார். வீடொன்றை விலைக்கு வாங்கும் உத்தேசம். வங்கிக் கடன் முப்பத்தைந்து ஆண்டு. “வாடகைக்குத் தரமாட்டம் எண்டவை விலைக்குத் தருவினம், சேர். ஆனா வாங்கினா இஞ்சைதான். பிள்ளைக்கு இது சரிவருமோ, இல்லை ஊருக்கு வரவோ? நீங்கள் சொல்லுங்கோ” என்றார். எத்தனையோ மாணவர்க்கு எந்தப் பாடத்தை எடுப்பது, எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது என்று தயங்காமல் வழிசொன்ன வாய் அன்று திறக்கவில்லை. ஊரிலே அவள் ‘யப்பான்காரி’ ஆவாள் என்பதும் நமக்குத் தெரியும். துணைவியார்தான் அடுக்களையிலிருந்து சொன்னார்: “அவளின்ரை பள்ளிக்கூடம் இஞ்சைதானே.”

மாசி மாதம் கடிதம் வந்தது. வீடு வாங்கிக் குடிபுகுந்துவிட்டனர். புதிதாக ஓரிடத்துக்கு வருவோர், எதிர்வரிசையில் மூன்று வீட்டுக்கும் இருபக்கத்து வீடுகளுக்கும் சென்று, சிறு கையுறை கொடுத்து வணக்கம் சொல்வது அந்நாட்டு வழக்கம். ஐந்து துவாய்களை அழகாகச் சுற்றி எடுத்துக்கொண்டு மூவரும் போயிருக்கின்றனர். மகள்தான் முன்னே நின்று, முறைதவறாமல் குனிந்து, பேசவேண்டியதைப் பேசினாளாம். நான்கு வீட்டில் வாசலிலேயே நன்றி கூறிப் பெற்றுக்கொண்டனர். இடப்பக்கத்து வீட்டு அம்மையார் உள்ளே அழைத்துப் பார்லித் தேநீர் கொடுத்தார். அவளுடைய கன்னத்தைத் தொட்டு, “எவ்வளவு நன்றாக யப்பானிய மொழி பேசுகிறாய்!” என்று வியந்தாராம். அதற்கு மகள் என்ன மறுமொழி சொன்னாள் என்று மாணவர் எழுதவில்லை.